ஒரு எழுத்தும் மாற்றாத பதிப்பகம்

உலக இலக்கியத்தின் திசையைத் திருப்பும் பொறுப்பு, அன்று மாலை ஐந்து மணிக்கு, ஒரு பதிப்பகத்தின் தோளில் இருந்தது. பதிப்பகம் சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. தோள் பதிப்பாளருடையது, அதில் வியர்வை துடைக்கும் துண்டு கிடந்தது.

யாரும் போடத் துணியாத நாவல்களைப் போடுவதுதான் அவர் கொள்கை. எழுத்தாளர் கொடுத்த தாளில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டார். அச்சாகி வரும்வரை எழுத்தாளர் கண்ணில் காட்டவும் மாட்டார். படைப்புக்கும் வாசகனுக்கும் நடுவே எழுதியவன் மூக்கை நுழைக்கக் கூடாதாம்.

அன்று ஐந்து மணிக்கு அங்கேயே அப்படியொரு நாவலுக்கு வெளியீட்டு விழா. நாலு மணிக்கு எழுத்தாளரின் மனைவி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையில் புத்தகம், எழுபத்தொன்றாம் பக்கத்தில் விரல்.

"சார், இது என்ன?"

"ஏழாம் அத்தியாயம்மா. நாவலோட உயிரே அதுலதான் இருக்கு."

"இது நான் என் தங்கச்சிக்கு எழுதுன லெட்டர் சார்! மேஜையில வெச்சிருந்தேன். அந்த மனுஷன் தாளோட தாளா அள்ளிக் குடுத்துட்டார்."

பதிப்பாளர் உட்கார்ந்துவிட்டார். நடுவில் கையெழுத்து மாறியதை அவர் உத்தி என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் குடியிருப்பது அவளுடைய அண்ணன் வீட்டு மாடியில். அண்ணி ஒரு ஜெயில் வார்டன், அண்ணன் அவளுக்குத் தலையாட்டுகிற பொம்மை, வேறு வீடு கிடைத்ததும் சொல்லாமல் கிளம்பிவிடுவோம் என்று கடிதத்தில் இருந்தது. அந்த அண்ணன்தான் இன்று முதல் பிரதி வாங்குகிறார். அண்ணியும் கூட வருகிறாள்.

"படிச்சாங்கன்னா இன்னிக்கே மூட்டையக் கட்டணும் சார். ரெண்டு பிள்ளைங்களோட எங்க போவேன்? இவரானா கண்ணாடி முன்னாடி நின்னு ஏற்புரை ஒத்திகை பாக்குறார்."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கேம்மா..."

"பிளேடு இருக்கா, இல்லையா?"

இருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து அறுத்தார்கள். நூறு பிரதி, பிரதிக்கு ஒரு தாள். எண்பதாவது பிரதியில், சிறப்புரை ஆற்ற வந்த விமர்சகர் வாசலில் நின்றார். முந்தின வாரமே புத்தகம் வாங்கிப்போனவர் அவர்.

"யோவ், என்னய்யா பண்றீங்க? என் பேச்சே அந்த அத்தியாயத்தப் பத்தித்தான்! 'அண்ணி என்னும் அதிகாரம்'னு தலைப்பு வேற வெச்சிருக்கேன்."

எழுத்தாளரின் மனைவி பிளேடோடு எழுந்தாள். "அண்ணின்னு ஒரு வார்த்தை வந்துது, அப்புறம் நான் பொல்லாதவ. இன்னும் இருபத்திரண்டு அத்தியாயம் இருக்குல்ல? அதுல ஒண்ணப் பேசுங்க."

விமர்சகர் பதிப்பாளரைப் பார்த்தார். "நீங்கதான் மூணு தரம் படிச்சேன்னீங்களே. எதப் பேசலாம், சொல்லுங்க."

பதிப்பாளர் குனிந்து மிச்சப் பிரதிகளை மும்முரமாக அறுத்தார்.

கடைசிப் பிரதியை அவர் மூடவும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. "எங்கம்மா, நம்ம மாப்பிள்ளை புஸ்தகம்?" என்றது அண்ணன் குரல். அறுத்த தாள்களின் மேலேயே எழுத்தாளரின் மனைவி உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

விமர்சகர் நாற்பது நிமிடம் பேசினார். முழுக்க அட்டைப்படத்தைப் பற்றி. முன்வரிசையில் அண்ணி தலையசைத்தபோதெல்லாம் அண்ணனும் தலையசைத்தார்.

மற்ற இருபத்திரண்டு அத்தியாயங்களையும் பதிப்பாளரும் படிக்கவில்லை, விமர்சகரும் படிக்கவில்லை.