'பிரான்ஸ் மோர்னவால் திராட்சைத் தோட்டம்...'

சண்முகநாதன் பேனையை எடுத்து அந்த வரியைக் குறுக்கே வெட்டினார். ஒருமுறை வெட்டியது போதாதென்று இன்னொரு முறையும் அழுத்தி வெட்டினார்.

"பிரான்ஸ் எண்டு போட்டால் காணும். உந்தத் தோட்டத்துப் பேர் எதுக்கு?"

பரமலிங்கம் இறந்து பதினைந்து மணித்தியாலம் ஆகியிருந்தது. வோபர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருடைய மரண அறிவித்தல் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவரே மகள் சுபாங்கிக்குச் சொல்லி எழுதுவித்தது. யாழ்ப்பாணம் அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ் மோர்னவால் திராட்சைத் தோட்டம், கனடா வோபர்ன் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட என்று அது தொடங்கியது. "ஒண்டையும் மாத்தாமல் போடுங்கோ" என்று மனைவி மங்கையற்கரசியிடம் கேட்டதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. பன்னிரண்டு மணிக்குள் பத்திரிகைக்கு அனுப்பினால்தான் நாளைக்குப் பார்வைக்கு வைக்கும் நேரம் ஆட்களுக்குத் தெரியவரும். இப்போது பதினொன்றே கால்.

"மாமா, அப்பா லெவன் இயர்ஸ் அங்க வேர்க் பண்ணினவர். அது அவற்ற லைஃப்," என்றாள் சுபாங்கி.

"வைன் செய்யிற தோட்டம், பிள்ளை. கோயில் சனம் முழுக்க உதை வாசிக்கும். நான் அந்தக் கோயில்ல தலைவரா இருக்கிறன்."

அந்தத் தோட்டத்தின் மேல் மங்கையற்கரசிக்கும் பாசம் கிடையாது. கலியாணம் முடிந்து நாலாம் மாதம் புறப்பட்டுப் போன மனிதர், கடிதத்துக்குக் கடிதம் அதையேதான் எழுதினார். அறுநூறு வருடத்துக்கு முன் பாதிரிமார் நட்ட தோட்டமாம். புரட்சிக்காரர் பாதிரிமாரைத் துரத்திவிட்டு அதை ஏலம் போட்டார்களாம். பிறகு ஒரு பூச்சி வந்து வேரையெல்லாம் தின்று தீர்த்ததாம். அமெரிக்காவிலிருந்து வேர் கொண்டுவந்து, அதன்மேல் பழைய கொடியை ஒட்டி மீட்டெடுத்தார்களாம். குண்டு விழுகிற ஊரில் பங்கருக்குள் இருக்கும் பெண்சாதிக்கு எழுதுகிற விசயமா இது? எரிச்சலோடு வாசித்து வாசித்தே அவளுக்கு அந்தத் தோட்டத்தின் கதை முழுக்கப் பாடமாகிவிட்டது.

ஒரு கடிதத்தில் மட்டும் வேறு செய்தி இருந்தது. 'உம்மட அண்ணையும் இங்க வந்திட்டார். எனக்குப் பக்கத்து வரிசை. என்னைவிட வடிவாக் கொடி வெட்டுறார். ஊரில ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு கும்பிட்டுக் கேட்டவர்.'

அண்ணன் சண்முகநாதன் அங்கே நாலு வருடம் நின்றார். மனைவி குணவதிக்கும் பிள்ளைகளுக்கும் கோயில் சபைக்கும் அந்த நாலு வருடம் பாரிஸில் ஒரு புத்தகக் கடையில் வேலை என்று சொல்லிவைத்திருந்தார். தங்கைக்கு உண்மை தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பிறகு கொழும்புக்கு வந்து அவளைப் பொறுப்பெடுத்துக் கனடாவுக்கு ஏற்றிவிட்டதும் இதே அண்ணைதான். அந்த நன்றிக்காகவே முப்பது வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் அது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"சுபாங்கி, புதுசா எழுது. பிரான்ஸ், கனடா. அவ்வளவுதான்."

சுபாங்கி தாயைப் பார்த்தாள். "அம்மா, நீங்க சொல்லுங்கோ."

மங்கையற்கரசி மேசைக்குக் கீழே சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சொன்னபடியே அனுப்பு."

"மங்கை, உனக்கு விளங்கேல்லை. ஆக்கள் துருவித் துருவிக் கேட்பினம். ஆரோட நிண்டவர், என்ன செய்தவர் எண்டு."

"கேட்டால் என்ர மனுசன்ர பேரை மட்டும்தான் சொல்லுவன்." அவள் அண்ணனை நேராகப் பார்த்தாள். "பக்கத்து வரிசையில நிண்ட ஆளின்ர பேரை இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, அண்ணை. இனியும் சொல்லமாட்டன்."

சுபாங்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்முகநாதன் பேனைக்கு மூடி போடப் பார்த்தார். இரண்டு தரம் தவறியது. பிறகு தேத்தண்ணி போடப் போவதாகச் சொல்லி எழும்பிக் குசினிக்குள் போனார். கேத்தலை அவர் தொடவேயில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அறிவித்தல் போனது.

மறுநாள் பின்னேரம் பார்வைக்கு வைத்த மண்டபம் நிறைந்திருந்தது. சண்முகநாதன் பயந்தபடியேதான் நடந்தது.

"வைன் தோட்டத்திலயோ அன்ரி, அங்கிள் நிண்டவர்?"

"ஓம். பதினொரு வருசம்."

ஒரு மனுசி உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். "தனியாவோ நிண்டவர்?" என்று இன்னொருவர் கேட்டார். இரண்டடி தள்ளி நின்ற சண்முகநாதன் தங்கையின் வாயையே பார்த்தார்.

"வேற ஆக்களும் நிண்டவையாம்," என்றாள் மங்கையற்கரசி. அடுத்து வந்தவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

கூட்டம் குறைந்ததும் சண்முகநாதன் பெட்டியருகே வந்தார். பரமலிங்கத்தின் இடது சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது தெரியக்கூடாதென்று மண்டபத்துக்காரர்கள் வலக்கையை எடுத்து மேலே வைத்திருந்தார்கள். சண்முகநாதன் குனிந்து, விறைத்த வலக்கையைச் சிரமப்பட்டு உயர்த்தி, இடக்கையை மேலே எடுத்து வைத்தார்.

"என்னப்பா செய்யிறியள்?" பின்னால் வந்த குணவதி பதறினாள்.

"கொடியைப் பிடிக்கிற கை உது. வலக்கை வெட்டேக்க விரல் போனது. மேலதான் இருக்கவேணும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் மச்சானின் விரலைப் பிடித்தபடியே நின்றார். மங்கையற்கரசி எழும்பித் தன்னுடைய கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துவிட்டாள்.