பிளென்கின் வீட்டு ருபார்ப்

விமானப் படையை விட்டு முன்கூட்டியே விலகுவதாகக் கீத் பிளென்கின் எழுதிக் கொடுத்த மறுநாள் காலை, அவருடைய வீடு தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. பால் எடுக்கக் கதவைத் திறந்த அவர் மனைவி டோரீன், தரை வழக்கமான இடத்தில் இருக்கும் என்று நம்பிக் காலை வைத்து, முட்டைக்கோஸ் பாத்தியில் போய் உட்கார்ந்தாள். பெரிய அடி ஒன்றும் இல்லை. பால் புட்டிகளை உள்ளே வைத்து, தேநீர் போட்டு, அதற்குப் பிறகுதான் கணவனை எழுப்பினாள்.

ஸ்கெல்பியில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. விமானத் தளத்தை ஒட்டிப் பிழைக்கும் ஊர் அது. பறப்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் பறப்புப் படி என்று ஒன்று உண்டு. காலம் முடியுமுன் போகிறேன் என்று வாயைத் திறந்தால் அந்தப் படி அன்றைக்கே பாதியாகிவிடும். ஆனால் விலகும் நாள் வரும்வரை இன்னும் ஓராண்டு பறந்தாக வேண்டும், பறப்பதில் மட்டும் பாதி என்று கிடையாது. அதே விமானம், அதே உயரம், எலும்பைத் துளைக்கும் அதே குளிர். கூலி இல்லாத அந்தப் பாதிப் பறத்தல் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அது பறந்தவரின் வீட்டுக்கு வந்துவிடும். முன்பு ஒரு வழிகாட்டி அதிகாரிக்கு நாய் மிதந்தது. ஒரு விமானிக்கு மாமியாரின் பியானோ. இருவரும் பயந்துபோய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். படி முழுதானது, நாயும் பியானோவும் இறங்கின. அதனால் கடைசிவரை போனால் என்ன ஆகும் என்பது மட்டும் ஊரில் யாருக்கும் தெரியாது.

கீத் சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் நின்று சுமைகளைக் கட்டுகிறவர். இருபது வருடத்தில் அவர் கட்டிய எதுவும் நகர்ந்ததில்லை, அவர் குடும்பத்தைத் தவிர. கல்யாணமான நாளிலிருந்து டோரீன் விமானப் படை கொடுத்த பதினோரு வீடுகளில் குடியிருந்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் சமையலறைக்கு வெளியே ருபார்ப் நட்டாள். சிவந்த தண்டும் யானைக்காது இலையுமாக வளரும் அந்தச் செடியை நட்ட ஆண்டில் தொடக் கூடாது; அடுத்த வசந்தத்தில்தான் பறிக்க வேண்டும். அடுத்த வசந்தத்துக்கு முன்னால் மாற்றல் உத்தரவு வந்துவிடும். அடுப்பைச் சுரண்டித் தேய்த்து வீட்டை ஒப்படைக்கும் நாளில், புதிதாக வருகிறவர்களுக்கு அவள் ஒரு சீட்டு எழுதி வைப்பாள்: ‘ருபார்ப்பைக் கத்தியால் வெட்டாதீர்கள், திருகி இழுங்கள்.’ ஒருமுறைகூட அவள் திருகியதில்லை. மறு வருடம் யாராவது ஒரு புண்ணியவதியிடமிருந்து அஞ்சலட்டை வரும், அந்தத் தண்டைப் போட்டுச் சுட்ட கிரம்பிள் பிரமாதமாக இருந்தது என்று. டோரீன் அதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுவாள். அதற்காகத்தான் கீத் கடிதம் கொடுத்தார். கொடுக்கும் முன்பே கடன் வாங்கி ஸ்கெல்பியில் ஒரு சின்ன வீட்டையும் வாங்கி முடித்துவிட்டார். டோரீன் பன்னிரண்டாவது ருபார்ப்பை நட்டு மூன்றாம் நாள்தான் வீடு எழும்பியது.

அதற்குப் பிறகு கீத் ஒவ்வொரு தடவை பறந்து வந்தபோதும் வீடு கொஞ்சம் ஏறியது. கோடையில் வேலி உயரம். இலையுதிர் காலத்தில் தபால்காரர் கடிதங்களைத் தூண்டில் கழியில் மாட்டிக் கொடுத்தார். தண்ணீர்க் குழாயை இழுத்து நீட்டிக்கொண்டே போனார்கள். மாடியறை என்று வரி கூட்டலாமா என்று பார்க்க நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார். ஏணியில் பாதி ஏறியதும் தலைசுற்றி, பழைய வரியே போதும் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வயலில் பீட்ரூட் போடும் ஆர்தர் மம்பி டிராக்டரை நிறுத்திக் கேட்டார், "என்ன கண்ணு, இந்தத் தடவை வீட்டையும் தூக்கிட்டே போறதா முடிவா? மூட்டை கட்டுற வேலையாவது மிச்சம்."

"வாய மூடிட்டு உரத்தப் போட்டுட்டுப் போ ஆர்தர்," என்றாள் டோரீன் சன்னலிலிருந்து.

டிசம்பரில் ஒரு மேல்காற்று வீட்டைச் சற்றே தள்ளிக்கொண்டு போய், சரியாக ருபார்ப் பாத்திக்கு மேல் நிறுத்தியது. செடிக்கு வெயில் போயிற்று. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. அந்த வாரம்தான் கீத்தின் தலைவர் வெதரால் ஏணியேறி வந்தார். நல்ல மனிதர். தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கடிதத்த வாபஸ் வாங்கச் சொல்லுங்க டோரீன். வீடு நாளைக்கே இறங்கிடும். முழுப் படியும் வந்துடும். அடுத்த மாற்றல் சைப்ரஸுக்கு. நல்ல வெயில்."

"சைப்ரஸ்ல ருபார்ப் வருமா?"

"வராதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் என்ன சார்."

வெதரால் கோப்பையைக் கீழே வைத்தார். "பாதி வெட்டினதுக்கே இவ்வளவு உயரம். படி ஒண்ணுமே இல்லாத அன்னிக்கு இந்த வீடு எங்க போய் நிக்கும்னு யோசிச்சீங்களா?"

டோரீன் யோசித்திருக்கவில்லை. அவர் இறங்கிப் போன பிறகும் அந்தக் கேள்வி மட்டும் சமையலறையிலேயே இருந்தது. கடனில் வாங்கிய வீடு. போனால் போனதுதான். கீத் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பறப்பதென்றால் அவருக்கு உயிர். அது டோரீனுக்கும் தெரியும்.

"வாங்கிக்கட்டுமா, அந்தக் கடிதத்த?" என்றார். "என்னால நீ வீடில்லாம நிக்கக் கூடாது."

"பதினோரு வீடு தரையிலதான் இருந்துச்சு கீத். ஒண்ணாவது எனக்குன்னு நின்னுச்சா?" அவள் வெதரால் வைத்துப் போன கோப்பையை எடுத்தாள். கழுவிக் கவிழ்த்தாள். "போய் உன் வேலையப் பாரு. வரப்போ இதவிட நீளமா ஒரு ஏணி வாங்கிட்டு வா."

மார்ச்சில் கீத் கடைசியாகப் பறந்தார். இறங்கியதும், விடைபெறுகிறவருக்குச் செய்யும் வழக்கப்படி தோழர்கள் தீயணைப்புக் குழாயைப் பீய்ச்சி அவரைத் தலைமுழுகவைத்தார்கள். பிறகு எல்லோருமாகச் சரக்கு கட்டும் பட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, வீடு மேலே போய்விடாதபடி அதைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை ஆர்தரின் டிராக்டரில் மாட்டினார்கள். கீத் ஈரம் சொட்டச் சொட்ட முடிச்சுகளைத் தானே சரிபார்த்தார். அவருடைய பறப்புப் படி அன்று மாலை அடியோடு நின்றுபோனது. வீடு ஒருமுறை முனகியது, அலமாரியில் தட்டுகள் கலகலத்தன, டோரீன் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஏறவில்லை. இறங்கவும் இல்லை. இனிப் பறக்கப் போவதில்லை, அதனால் ஏறாது. பறந்து முடித்ததற்கு யாரும் கூலி தரப் போவதில்லை, அதனால் இறங்காது. ஆர்தர் பட்டையை அவிழ்த்துக்கொண்டு டிராக்டரை ஓட்டிப் போனார்.

மறுநாள் காலை டோரீன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஏணியில் இறங்கினாள். செத்த செடியைப் பிடுங்கிப் போடத்தான் போனாள். வீட்டுக்கு அடியில், அந்த மங்கல் வெளிச்சத்தில், இளஞ்சிவப்புத் தண்டுகள் முழங்கை நீளத்துக்கு நெருக்கமாக எழும்பி நின்றன. இருட்டில் வளரும் ருபார்ப்தான் முந்தி வரும், புளிப்பும் குறைவு என்பது அந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. துக்கத்தில் அவளுக்குத்தான் மறந்துபோயிருந்தது. ஒன்றை அடியில் பிடித்துத் திருகி இழுத்தாள். சீட்டில் எழுதியபடியே, டப்பென்று கையோடு வந்தது.

மத்தியானம் கிரம்பிள் செய்து, கஸ்டர்டு ஊற்றி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். கீத் புளிக்கிறது என்று சொல்லிக்கொண்டே மூன்று கிண்ணம் சாப்பிட்டார். பிறகு டோரீன் பதினோரு அஞ்சலட்டைகளை எடுத்து, குடியிருந்த பதினோரு வீடுகளுக்கும் எழுதினாள், கிரம்பிள் பிரமாதமாக இருந்தது என்று. தபால்காரர் சன்னலுக்குக் கீழே கழியை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.