ஹம்ஃப்ரி ப்ரீஸின் பெஞ்சு

தன் கல்லறைக் கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்பதைக் கிளெமன்ட் தானே எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். ‘கிளெமன்ட் ப்ரீஸ். இவ்வூர்க் கனவான் ஹம்ஃப்ரி ப்ரீஸின் வழிவந்தவர்.’ அதைப் போதகரின் சம்மதத்துக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுக்க ஹெஸ்டருக்கு மனம் வரவில்லை. கொடுத்துவிட்டால் கணவருக்காகச் செய்ய வேறு வேலை இருக்காது.

“இன்னுமா குடுக்கல அண்ணி? அண்ணன் மண்ணுக்குள்ள பேரில்லாம கெடக்கணுமா?” என்று நாத்தனார் லெட்டிஸ் வாரம் தவறாமல் கேட்டாள்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய ஹம்ஃப்ரி கனவான் என்பதற்குக் கிளெமன்ட் வைத்திருந்த ஒரே ஆதாரம், கோயிலில் பலிபீடப் படியை ஒட்டிக் கிடந்த குட்டிப் பெஞ்சு. அதன் பக்கப் பலகையில் ஹம்ஃப்ரியின் பெயர் செதுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் கோயிலில் கண்ட இடத்தில் உட்கார முடியாது. நிலபுலன்காரர்கள் முன்னால், சொந்தமாக ஏர் பிடித்தவர்கள் நடுவில், கூலிக்காரர்கள் கதவோரம். “நம்மாளு எல்லாருக்கும் முன்னாடி உக்காந்திருக்கான், ஹெஸ்டர்!” என்று சொல்லிச் சொல்லி அந்தப் பலகையைத் தடவிக்கொடுப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலில் பூ வைக்கப் போனவள், முழங்கால் வலிக்க, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். அவர் உயிரோடிருந்தவரை ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. அவரும் உட்கார்ந்ததில்லை, அத்தனை மரியாதை. உட்கார்ந்ததும் ஏதோ இடறியது. பிரசங்க மேடை முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரே மற்றப் பெஞ்சுகளும், அவற்றுக்கு அப்பால் வாசற்கதவும். எந்தக் கனவான் போதகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான்?

அவள் ஷ்ரூஸ்பரி நகர ஆவணக்காப்பகத்துக்குப் போனாள். பழைய கையெழுத்தைப் படிக்கக் கிளெமன்ட்தான் அவளுக்குப் பழக்கியிருந்தார். இருவரும் போகும்போதெல்லாம் அவர் கனவான்களின் உயில்களைத்தான் புரட்டுவார். இவள் கோயில் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கினாள். மணி, மெழுகு, கூரை ஈயம் எல்லாம் தாண்டி அவன் இருந்தான்: ‘நாய் விரட்டும் ஹம்ஃப்ரி ப்ரீஸுக்கு, கோட்டு ஒன்று.’

ஆட்டுக்காரர்களோடு கோயிலுக்குள் வந்து படுக்கும் நாய்கள் குரைத்தாலோ கடித்துக்கொண்டாலோ, சாட்டையால் வெளியே துரத்துவது அவன் உத்தியோகம். எல்லா நாயும் கண்ணில் படட்டும் என்றுதான் அந்த இடம்.

முதலில் சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆளில்லை என்பது உறைத்ததும், கண்ணீர் தாளில் விழாதபடி தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

லெட்டிஸை அந்தப் பெஞ்சிலேயே உட்கார வைத்துச் சொன்னாள்.

“நாய் வெரட்டுனவனா? யாருக்கும் தெரிய வேணாம் அண்ணி. அண்ணன் எழுதுனபடியே போட்டுடுங்க.”

“உங்கண்ணன் தப்பா ஒரு தேதி போட்டாக்கூட ராத்திரி தூங்கமாட்டாரு. காலத்துக்கும் நிக்கிற கல்லுல பொய்யப் போட்டுட்டு அவர எப்படிடி படுக்கச் சொல்றது?”

“ஊரே சிரிக்குமே!”

“சிரிச்சா என்னடி?”

லெட்டிஸ் மூக்கைச் சிந்தினாள். “இதத் தெரிஞ்சுக்காமலே போயிட்டான் பாருங்க. தெரிஞ்சிருந்தா, கிறிஸ்மஸ் விருந்துல நம்மள ஒருவாய் திங்க விட்டிருப்பானா? இதத்தான் பேசிட்டிருப்பான்.”

போதகர் தாளை இரண்டு தரம் படித்தார். “நாய் விரட்டின ஹம்ஃப்ரியின் வழிவந்தவர்… நெஜமாத்தான் கேக்கறீங்களாம்மா? படிக்கிறவங்க சிரிப்பாங்களே.”

“நெஜமாத்தான் போதகரய்யா. இது கோயில் உத்தியோகம். ஒங்களதப் போலத்தான்.”

போதகர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கல் நட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஹெஸ்டர் வாசலில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். கிளெமன்டைப் புதைத்த நாளிலிருந்து அந்தக் கல்லறைப் பக்கம் போனவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். இன்று கல்லருகே நின்ற யாரோ இருவர், முன்பின் தெரியாதவர்கள், வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் அவசரப்படாமல் அவர்களை நோக்கி நடந்தாள். கதை கேட்பார்கள். முதலிலிருந்து சொல்ல வேண்டும்.