கத்தரிக்காய்க் கை

எங்கள் முதலாளி ஞானசம்பந்தம் வருஷத்துக்குப் பல லட்சம் உடுப்புகள் தைத்துக் கப்பலேற்றுகிறவர். அவருக்கு உடுத்தத் தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

2006 டிசம்பரில் டென்மார்க் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலில் காக்டெயில் பார்ட்டி, உடை செமி-ஃபார்மல். படித்துச் சொன்னவன் நான். பெயர் ஜெபக்குமார். நாசரேத்திலிருந்து வந்து ஒன்பது வருஷமாக இங்கே திருப்பூரில் மெர்ச்சண்டைசர். அதாவது, வெளிநாட்டுக்காரர் கேட்பதை முதலாளிக்கும் முதலாளி சொல்வதை வெளிநாட்டுக்காரருக்கும் மாற்றிச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன்.

செமி-ஃபார்மல் என்றால் என்ன என்று இரண்டு நாள் ஆராய்ச்சி நடந்தது. முதலாளி சஃபாரி சூட் என்றார். அவர் மகன் அருள்செல்வன் லண்டனில் ஆறு மாதம் ஏதோ படித்தவன். அங்கிருந்து அவன் கொண்டுவந்தது ஒரு கூலிங் கிளாஸும் ஒரு தோள் குலுக்கலும்தான். அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஜீன்ஸ் போதும் என்றான். அடர்ந்த நிறத்தில் ஒரு கோட்டு, இஸ்திரி போட்ட சட்டை, சாக்ஸோடு ஷூ, டை வேண்டாம், அவ்வளவுதான் விஷயம் என்று நான் சொன்னேன். இங்கே ராயபுரத்தில் நல்ல டெய்லர் இருக்கிறார் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பனியன் கம்பெனி முதலாளி வெளியே கொடுத்துத் தைப்பதா? இந்த ஊரில் அதைவிட மானக்கேடு கிடையாது. கம்பெனி வைத்திருப்பவர் ஜட்டி முதல் ஸ்வெட்டர் வரை குடோனிலிருந்துதான் எடுப்பார். கழுத்தில் எந்த நாட்டு லேபிள் இருந்தாலும் கூச்சப்பட மாட்டார்.

"ஏனுங்க ஜெபக்குமாரு, நம்ம குடோன்லயே நேவி ப்ளூ கோட்டு கெடக்குதுங்களே," என்றார் முதலாளி.

கிடந்தது உண்மைதான். கிடந்திருக்கக் கூடாது என்பதும் உண்மை.

அந்தக் கோட்டுகள் அதே டென்மார்க் கம்பெனிக்காகத் தைத்தவை. உடம்புக்கான துணிக்கு ஒரு தடவை சாயம் போட்டது, கைக்கான துணிக்கு இன்னொரு தடவை. பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நீலம். டியூப்லைட்டிலும் அப்படியே. ஆனால் ஆகஸ்டில் வந்த அவர்களுடைய குவாலிட்டி அதிகாரி மார்த்தா, ஒரு கோட்டை நிறம் சோதிக்கும் லைட் பாக்ஸுக்குள் வைத்து மஞ்சள் விளக்கைப் போட்டுப் பார்த்தார். கைகள் மட்டும் கத்தரிக்காய் நிறமாகிவிட்டன. மொத்தத்தையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் வெட்டி அழித்துவிட்டதாகக் கடிதம் கேட்டார். எழுதியதும் நான், கையெழுத்துப் போட்டதும் நான். வெட்ட வேண்டாம் என்றது முதலாளி. "சும்மா ஒரு கையெழுத்துங்க கண்ணு" என்றார். இந்த மனிதரிடம் மரியாதைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. கழுத்தை அறுப்பதென்றாலும் கொஞ்சம் நிமிருங்க என்று கேட்டுக்கொண்டுதான் அறுப்பார்.

அந்தக் கடிதம் பொய் என்று தெரிந்தால் திருப்பூரில் வெளிநாட்டுக்காரருக்குச் சரக்கு எடுக்கும் எந்தப் பையிங் ஆபீசும் என்னை வாசற்படி ஏற்றாது. இதை அவரிடம் சொன்னேன். ஆயிரம் கோட்டில் ஒரு கோட்டை எந்தப் பொம்பளை ஞாபகம் வைத்திருப்பாள் என்று கேட்டார். மஞ்சள் விளக்கை நினைவுபடுத்தினேன். அவ்வளவு பெரிய ஹோட்டலில் டியூப்லைட் கூடவா போட்டிருக்க மாட்டார்கள் என்றார். அதோடும் விடவில்லை. மூன்று பேரும் ஒரே மாதிரி போனால்தான் கம்பெனிக்குக் கெத்து என்று எனக்கும் ஒன்றை எடுத்து வைத்தார். என் கல்யாணக் கோட்டு இருக்கிறது என்றேன். அருள்செல்வன் என்னை மேலும் கீழும் பார்த்து, பேண்டு வாசிக்கவா வருகிறீர்கள் என்றான்.

வாயை மூடிக்கொண்டு குடோன் கோட்டைப் போட்டுக்கொண்டேன். அவர்கள்மேல் எனக்கு என்றைக்குமே மதிப்பு இருந்ததில்லை. அன்றைக்கு என்மேல் இருந்ததும் போனது.

அந்த ஹோட்டல் ஹாலில் தேடினாலும் ஒரு டியூப்லைட் இல்லை. கூரை முழுக்க மஞ்சள் பல்புகள். உள்ளே கால் வைத்ததும் என் கையைப் பார்த்தேன். கத்தரிக்காய். முன்னால் போன அப்பனுக்கும் மகனுக்கும் நான்கு கையும் கத்தரிக்காய். முதலாளி ஒரு கையில் லைம் ஜூஸை வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் இன்னொரு கையை நீட்டிக் குலுக்கினார்.

மார்த்தாவிடமும் நீட்டினார். அவர் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு முதலாளியின் கோட்டைப் பார்த்தார். பிறகு மகனுடையதை, பிறகு என்னுடையதை. இவற்றையெல்லாம் வெட்டியாகிவிட்டது என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

முதலாளிக்கு ஆங்கிலத்தில் எஸ், தேங்க்யூ, ஷிப்மென்ட், இந்த மூன்றுதான் தெரியும். ஆனால் மாட்டிக்கொண்டது புரிவதற்கு மொழி வேண்டியதில்லை. சிரிப்பு மாறாமல் என் காதருகே சாய்ந்தார்.

"ஜெபக்குமாரு எனக்குத் தெரியாம பண்ணிப்போட்டாருன்னு சொல்லீருங்க. இன்னியோட வேலைய உட்டு நிறுத்திப்போட்டோம்னும் சொல்லீருங்க."

என்னை வேலையை விட்டு நீக்கியதை நானே மொழிபெயர்க்க வேண்டும். ஒன்பது வருஷம் இந்த ஆளுக்கு வாயாக இருந்ததற்குக் கிடைத்த மரியாதை. என் பெயர் எப்படியும் போயிற்று. ஆனால் தனியாகப் போக எனக்கு மனமில்லை.

மார்த்தா பக்கம் திரும்பி, எங்கள் முதலாளி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ஒரு கோட்டைக்கூட வெட்டவில்லை. பொய்க் கடிதம் எழுதச் சொன்னது அவர், எழுதியது நான். அதையே போட்டுக்கொண்டு உங்கள் பார்ட்டிக்கு வரலாம் என்று முடிவு செய்ததும் அவர்தான். நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

இது உண்மையா என்று மார்த்தா நேராக அவரையே கேட்டார்.

"எஸ், எஸ்," என்று முதலாளி தலையை ஆட்டினார். "தேங்க்யூ."

நான் அருள்செல்வனைப் பார்த்தேன். லண்டனில் படித்தவன், குறுக்கே விழுந்து தடுத்திருக்கலாம். அவன் தோளைக் குலுக்கினான்.

மார்த்தா முதலாளியின் கையை விட்டுவிட்டு நகர்ந்துபோனார். நான் கோட்டைக் கழற்றி, பெட்டியில் அடுக்குவதற்கு மடிப்பது போல மடித்து முதலாளி கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

"எல்லாஞ் சொல்லீட்டீங்களா கண்ணு?"

"ஒண்ணு விடாம சொல்லிட்டேன் மொதலாளி," என்றேன்.