அறுபதில் போன வேன்

விடியற்காலை நாலரை மணி. சாம்பியன் ரீப்ஸ் மேட்டில் பதினாறு பெண்கள் ஒரு வேனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மணல் சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வந்து பல்லில் நறநறத்தது. மூன்றாவது தள்ளலில்தான் என்ஜின் பிடித்தது. நாள் முழுக்கச் சட்டை தைக்கவேண்டிய கைகள் அதற்குள் வலித்தன.

நெடுஞ்சாலையோர கார்மென்ட்ஸில் ஆறரைக்கு மூடிக்கொண்டிருந்த கேட்டை மூன்று மாதமாக ஆறு மணிக்கே மூடுகிறார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் அரை நாள் கூலி போய்விடும். அதனால் டெய்சி தினமும் பின்சீட்டிலிருந்து, "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கண்ணா" என்பாள். வேனுக்குச் சொந்தக்காரரும் டிரைவருமான காத்தவராயன் அழுத்துவார். சாலைக் கேமரா படம் பிடிக்கும். அபராதம் அவர் பேருக்கு மட்டும் வரும். நல்ல நியாயம்.

இன்று அவர் வண்டியை எடுக்காமல் போனை நீட்டினார்.

"பதினோராவது போட்டோ வந்துடுச்சும்மா. எல்லா அபராதத்தையும் கட்டாம வண்டிக்கு எஃப்.சி. சர்டிபிகேட் கிடையாதுன்ட்டாங்க. அடுத்த மாசத்தோட வண்டி நின்னுடும்."

வண்டி நின்றால் பதினாறு பேருக்கும் வேலை இல்லை. டெய்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

டெய்சி பக்கத்தில் நின்ற சங்கமித்ரா போனை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். "எல்லாத்துலயும் வண்டி நம்பர் கீது. நம்மள வெரட்டுறவன் பேரு எதுலயாவது கீதா?"

"இப்ப இன்னா பண்ணலாங்கற?" என்றார் காத்தவராயன்.

"லிமிட்டு அறுபதுதானே? அறுபதுலயே போங்கண்ணா. கம்பெனிக்காரன் கேட்ட மூடட்டும்."

"அரை நாள் போவுமே" என்றாள் டெய்சி.

"ஒருத்தி லேட்டா போனா அவளுக்குத்தான் நஷ்டம். கம்பெனிக்கு ஆள் ஏத்திப் போற நாலு வேனும் லேட்டா போனா மெஷின யாரு ஓட்டுவா?"

மற்ற மூன்று வேன்களுக்கும் அவளே போன் போட்டாள்.

ஆறு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேட் மூடியிருந்தது. மேனேஜர் விநாயக் வெளியே வந்தார்.

"நானா வேகமா ஓட்டச் சொன்னேன்? சட்டத்த மதிச்சு ஓட்டணும்."

"அதத்தான் சார் இன்னிக்குச் செஞ்சோம்" என்றாள் சங்கமித்ரா.

"அப்ப சீக்கிரம் கிளம்புங்க."

"மூணு மணிக்கு எழுந்து சோறாக்கிட்டு வர்றோம். அதுக்கும் முன்னாடின்னா தூங்காமத்தான் வரணும். கேட் டயத்த ஆறரை ஆக்குங்க. அபராதத்தக் கம்பெனி கட்டட்டும்."

"அதெல்லாம் ஆகாது. இனிமே லேட்டா வர மாட்டேன்னு ஒவ்வொருத்தரா கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வாங்க. இன்னிக்கு மட்டும் கூலி பிடிக்கல."

டெய்சிக்கு ஆசையாகத்தான் இருந்தது. வீட்டில் அரிசி இல்லை. ஆனாலும் அவள் கால் நகரவில்லை.

சாலையில் மற்ற மூன்று வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக வந்து நின்றன. இறங்கிய பெண்கள் இவர்களோடு சேர்ந்து நின்றார்கள். உள்ளே மெஷின் சத்தமே இல்லை. விநாயக் கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.

கேட் திறக்கிற வழியாகத் தெரியவில்லை. டெய்சி டிரைவர் சீட்டின் பக்கம் வந்தாள்.

"நாளைக்கும் அறுபதுலயே போங்கண்ணா" என்றாள்.