ரசமட்டம் பார்த்துப் போட்ட தரை

தேகு நகர மெட்ரோ ரயிலில் இருபத்தாறு வருடம் தண்டவாளம் சோதித்தவர் சாங்பே. ஓய்வு பெற்றதும் எங்கள் மலையூருக்கு வந்து, ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த ஓட்டுவீட்டை வாங்கினார். இரண்டு வருடமாக அவரும் மனைவி ஹேரானும் அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். கூரை முடிந்தது. மரச்சட்டக் கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டியாயிற்று. கிணற்றடிச் சுவரை மூன்று முறை கட்டினார்கள், மூன்றாவது நிற்கிறது.

மிச்சம் இருந்தது உள்ளறைத் தரை. வெளியே அடுப்பை மூட்டினால், சூடு தரைக்கடியில் கல் இடுக்குகளில் ஓடி, எதிர்ச்சுவரின் புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டும். போன குளிர்காலம் முழுக்க இடுப்புவலியோடு மின்சாரப் பாயில் புரண்ட ஹேரான் இந்த முறை கெடு வைத்துவிட்டார். தேகுவில் அவர்களுடைய அபார்ட்மெண்ட் காலியாகியிருந்தது. புதிதாக ஒரு குடும்பம் வாடகைக்குக் கேட்டது. சனிக்கிழமை நண்பகலுக்குள் தரகருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“அன்னிக்குக் காலையில அடுப்பை மூட்டுங்க. தரை சுட்டா வாடகைக்கு விட்டுடலாம். சுடலேன்னா நானே அங்க போயிடுறேன். நீங்க இங்க கரடியோட குடித்தனம் நடத்துங்க.”

“வரட்டும். அதாச்சும் குளிர்காலத்துல பேசாம தூங்கும்.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரிலிருந்து நாங்கள் பதினொரு பேர் போனோம். புதுமனைக்குப் போகிற வழக்கப்படி எல்லார் கையிலும் கழிவறைக் காகித உருளையும் சலவைத்தூளும். புகைபோக்கியில் புகை வந்ததும் கைதட்டினோம். ஒரு மணி நேரத்தில் அடுப்புப் பக்கத்துத் தரை கால் வைக்க முடியாதபடி சுட்டது. தரைமேல் ஒட்டியிருந்த எண்ணெய்க் காகிதம் பழுப்பாகி, அடுப்போரம் கருகவும் செய்தது. மறுபாதி, துவைக்கிற கல் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது.

ஊர்த்தலைவர் கியூசோல் குனிந்து இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். “அடியில கல்லை எப்படிப் போட்டே, தம்பி?”

“மட்டமா, தலைவரே. ரசமட்டம் வெச்சுப் பார்த்தேன். ஒரு மில்லிகூடப் பிசகல.”

“அதான்யா பிசகு! அடுப்புக்கிட்ட கல்லு தாழ்ந்திருக்கணும், மேல மண்ணு கனமா இருக்கணும். போகப் போகக் கல்லு ஏறணும், மண்ணு மெலியணும். நீ என்னடான்னா அடியில ரயில் விடுறதுக்கு வழி பண்ணி வெச்சிருக்கே!”

சிரித்துக்கொண்டே எல்லாரும் முற்றத்துக்குப் போனோம். அங்கே வெங்காயத்தாள் அடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். சாங்பே சாப்பிட வரவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்கும் ஒரு தட்டு கொடுக்கலாமென்று நான் பின்னால் போனேன்.

சூடு எதுவரை வருகிறது என்று பார்ப்பதாகச் சொல்லித் தரையின் நடுவில் படுத்த ஹேரான், போர்வைக்குள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சாங்பே குளிர்ந்த பக்கம் உட்கார்ந்து, அவர் எழட்டுமென்று காத்திருந்தார். தலையில் கம்பளித் தொப்பி, மடியில் கடப்பாரை. மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹேரானின் போன் அடித்தது, தரகர்தான்.

ஹேரான் கண் விழித்தார். ஒரு கன்னம் சிவந்திருந்தது. “கையில என்னங்க அது?”

“தரையைப் பிரிக்கப் போறேன். மூணு வாரம் ஆகும். நீ தேகுவுக்குப் போயிடு. அந்த வீட்டை யாருக்கும் விடவேணாம்னு அவர்கிட்ட சொல்லிடு.”

“தரையில கை வெச்சுப் பாருங்க, தெரியும்! இப்பதான் இடுப்பு என் இடுப்பு மாதிரி இருக்கு.”

“பாதிதான் சுடுது, ஹேரான். தப்பாப் போட்டிருக்கேன்.”

“சுடாத பாதியில கிம்ச்சி ஊறுகாய்ப் பானைய வைங்க.” போனை எடுத்தார். “ஐயா, அவங்களுக்கே விட்டுடுங்க. ரெண்டு வருஷத்துக்கு எழுதிக்குங்க.”

சாங்பே கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். கருகிய காகிதத்தை ஒருமுறை பார்த்தார். “அப்ப நான் எங்க படுக்கறது?”

ஹேரான் நகர்ந்து படுத்து, போர்வையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். அபார்ட்மெண்டில் அவர்கள் தனித்தனியாகப் படுத்திருந்த இரண்டு ஒற்றைக் கட்டில்களையும் லாரியிலிருந்து இறக்கியவர்கள் நாங்கள்தான். தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நான் திரும்பினேன்.

“தம்பி, அடை ஆறுது!” என்று முற்றத்திலிருந்து கியூசோல் கத்தினார்.

“ஆறட்டும்!” உள்ளிருந்து ஹேரானின் குரல் வந்தது. “இவரு இப்பதான் சூடாகிட்டிருக்காரு!”