தோஷாகராய நமஹ

திங்கட்கிழமை காலை, திருவெறும்பூரில் மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வார்த்தை வீரமலையின் காதில் விழுந்தது. உள்ளே ஓர் ஐயர் சந்திரனின் நூற்றெட்டுப் பெயர்களைச் சொல்ல, மகள் பானுமதி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நந்தியாவட்டைப் பூவைப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி மாப்பிள்ளை ஹரிஹரசுதன். சம்பந்தி பவுனம்மாள் கைகூப்பி நின்றாள்.

“தோஷாகராய நமஹ.”

தோஷம்! அதற்குப் பிறகு வீரமலைக்கு வேறெதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகி நாலே மாதம். அதற்குள் மாப்பிள்ளை பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். பழியை மகள் தலையில் கட்டி, அவள் கையாலேயே பூப்போட வைக்கிறார்கள் என்று நினைத்தார். பவுனம்மாள் சிரித்தபடி வரவேற்றதுகூட நடிப்பாகப் பட்டது.

“பானு அம்மாவுக்கு உடம்பு முடியல. ரெண்டு நாள் அனுப்புங்க” என்று பொய் சொல்லி மகளை மணப்பாறைக்கு அழைத்துப்போனார்.

வீட்டில் அவள் அம்மா தெம்பாக முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். “எதுக்குப்பா பொய் சொன்னீங்க?” என்று பானுமதி கேட்டாள்.

வீரமலை மாட்டுத் தரகர். அவர் மூலம் பசு வாங்கிய யமுனா டீச்சர் ஸ்ரீரங்கத்தில் சமஸ்கிருதம் நடத்துபவர். மறுநாள் சாயங்காலம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்க டீச்சர் வீட்டுக்குப் போனார்.

“தோஷான்னா ராத்திரி. ராத்திரியை உண்டாக்கறவர்னு அர்த்தம்” என்றார் டீச்சர். “நிசாகரன்னாலும் அதேதான். முயலைத் தாங்கிண்டிருக்கறதால சசதரன். அமுதம் நிறைஞ்சிருக்கறதால சுதாநிதி. எல்லாம் சந்திரன் பேர்தான்.”

“அப்ப குத்தம்னு அர்த்தமே கிடையாதுங்களா?”

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். “இல்லேன்னு சொல்ல மாட்டேன். வேற மாதிரி பிரிச்சா, குத்தங்களோட சுரங்கம்னும் வரும். கேலிக்கு அப்படிப் பிரிப்பா. பூஜையில யாரும் அப்படி நினைக்கறதில்லை.”

“அவங்க மனசுல எது இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“எதுவா இருந்தாலும் அது சந்திரன் பேர்தானே, உங்க பொண்ணு பேர் இல்லையே! பூஜை யாருக்காகன்னு அவகிட்ட கேட்டேளா?”

கேட்கவில்லை. வீடு திரும்பியதும் கேட்டார்.

“அவருக்காகத்தான். அவர் ஜாதகத்துல இப்ப சந்திர தசையாம். அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லலப்பா. பூப்போடுறேன்னு நானாத்தான் உட்கார்ந்தேன்.” பானுமதி பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். “என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

புதன்கிழமை மகளோடு திருவெறும்பூருக்குப் போனார். பவுனம்மாள் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

“உண்மையைச் சொல்லுங்கண்ணே. என் பையன் கால் இனி சரியாகாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? அதான் பொண்ணைக் கூட்டிட்டுப் போனீங்களா?”

வீரமலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன் பொய்யையும் சொன்னார்.

“அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு எனக்கே தெரியாதுங்க” என்றாள் பவுனம்மாள்.

அதற்குள் பானுமதி உள்ளே போய் கணவனின் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பவுனம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வீரமலை உட்கார்ந்தார். ஆனால் அன்று முழுக்க அவள் அவரிடம் நேராகப் பேசவில்லை. “அப்பாவைச் சாப்பிடச் சொல்லு” என்று பானுமதியிடம்தான் சொன்னாள்.